பிறருடைய சமய நம்பிக்கையை மறுத்துப் பேசுவது முறையா?

ஒரு மேடைப் பேச்சோ கேலிச்சித்திரமோ சமூக ஊடகப் பதிவோ சமய நம்பிக்கை ஒன்றைத் தொட்டுவிட்டால், "என் நம்பிக்கையைப் பற்றிப் பேச நீ யார்?" என்று ஒரு தரப்பும் "எதைப் பற்றியும் பேச எனக்கு உரிமை உண்டு" என்று மறுதரப்பும் முழங்கத் தொடங்குகின்றன. கேட்பவருக்கு இவை ஒன்றுக்கொன்று விடை போலத் தோன்றும். உண்மையில் முதல் தரப்பு அறத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது தரப்பு சட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. இரு தரப்பும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பதால்தான் விவாதம் எத்தனை நாள் நீண்டாலும் ஓரிடத்திலேயே நிற்கிறது.

"முறையா?" என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன.

1. சட்டம் அதை அனுமதிக்கிறதா?
2. அனுமதித்தாலும், அது அறத்துக்கு ஒத்த செயலா?
3. அறத்துக்கு ஒத்ததே என்றாலும், அதனால் யாருக்காவது பயன் உண்டா?

சட்டம் அனுமதிக்கும் பேச்சு கொடியதாக இருக்கலாம். சட்டம் தண்டிக்கும் பேச்சு நேர்மையின் உச்சமாக இருக்கலாம். ஆகவே மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அதற்கும் முன்பாக, மறுக்கப்படுவது எது, மறுத்தல் என்பது எவ்வகைச் செயல் என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு பொருள்கள்

1. உலக நடப்பைப் பற்றிய கூற்று. பூமியின் வயது இவ்வளவு, இந்த நோய் இந்த வழிபாட்டால் தீரும், இந்த நாளில் உலகம் முடியும் என்பன இவ்வகை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையை ஏற்றவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து மீண்டும் வருவார் என்று காத்திருந்தார்கள். அந்த நாள் வழக்கம்போல் கழிந்தது. பலர் விலகினார்கள், சிலரோ, நாள் சரிதான், நிகழ்வு மண்ணுலகில் அல்லாமல் விண்ணுலகில் நடந்தது என்று விளக்கம் கண்டார்கள். சோதிக்கத்தக்க கூற்று சோதிக்க முடியாத கூற்றாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

2. இறுதிப் பொருளைப் பற்றிய கூற்று. இறைவன் உண்டு, உயிர் அழியாதது, வினைப்பயன் தொடரும் என்பன போன்றவை. இவற்றை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆயினும் இவற்றுக்கு ஆதரவாகவும் எதிராகவும் காரணங்கள் சொல்ல முடியும். தத்துவ மரபுகள் அதைத்தான் காலங்காலமாகச் செய்து வந்திருக்கின்றன.

3. நடத்தை விதி. யார் யாரை மணக்கலாம், யார் கற்கலாம், யார் உள்ளே வரலாம், எந்தச் சிகிச்சையை ஏற்கக் கூடாது என்று வகுக்கும் நம்பிக்கைகள் இவை. நம்புகிறவரோடு நில்லாமல் மற்றவர் வாழ்க்கையையும் இவை கட்டுப்படுத்துகின்றன.

4. பற்றும் ஆறுதலும். படுக்கும் முன் ஒருவர் முணுமுணுக்கும் மன்றாட்டில் நிறுவவோ மறுக்கவோ எந்தக் கூற்றும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஒரே வாக்கியம் இந்த நான்கு வேலைகளையும் செய்யக்கூடியது. "அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார்" என்பது சமயவாதிகளின் சபையில் ஆராயத்தக்க கொள்கை. துக்க வீட்டில் அதே வாக்கியம் துயரில் இருப்பவரைத் தாங்கிப் பிடிக்கும் கை. அங்கே போய் அதற்குச் சான்று கேட்பவர் பகுத்தறிவோடு நடந்துகொள்ளவில்லை. தாம் கேட்ட வாக்கியம் எவ்வகையானது என்பதையே அவர் புரிந்துகொள்ளவில்லை.

மறுத்தலும் ஒரே செயல் அல்ல

பழைய இந்தியத் தருக்க நூலான நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைக் காணும் நோக்கத்தோடு, அளவைகளையும் (அறிவைப் பெறும் வழிகளையும்) தருக்கத்தையும் கொண்டு நடப்பது வாதம். வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டு, சொல்லைத் திரித்தும் போலிக் காரணம் காட்டியும் நடப்பது ஜல்பம். தனக்கென எந்த நிலைப்பாட்டையும் நிறுவாமல், எதிராளியின் கூற்றைத் தகர்ப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டது விதண்டை. இன்றும் வீண் பிடிவாதத்தோடு பேசுபவரை விதண்டாவாதம் செய்கிறார் என்று சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு நுட்பமான பாகுபாடு இருப்பதை மறந்துவிட்டோம்.

இந்த மூன்றில் முதலாவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. எதிர்த்தரப்பின் கொள்கையை, அத்தரப்பினரே ஏற்றுக்கொள்ளும் விதத்தில், முதலில் எடுத்துரைக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பரபக்கம் (பிறர் தரப்பு), சுபக்கம் (தன் தரப்பு) என்று இரண்டாகப் பிரிந்து நிற்பது இதனால்தான். பரபக்கத்தில், காணும் உலகமே உண்மை என்னும் உலோகாயதர் தொடங்கிப் பதினான்கு தரப்பினரின் மதங்கள் ஒவ்வொன்றாக முன்வைக்கப்பட்டு, அவற்றின் பின்னரே மறுதலை வருகிறது. அந்த மறுதலைகள் எல்லாம் இன்றைய வாசகருக்கு வலுவாகத் தோன்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் மறுக்கப்படும் தரப்பைப் பேசவிட்டு மறுப்பது என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது.

மணிமேகலைக் காப்பியம் இதே ஒழுங்கைக் கதையாகவே ஆக்கியிருக்கிறது. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளிடம் சென்று ஒவ்வொருவர் கொள்கையையும் கேட்கிறாள். பெரும்பாலும் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளும் அவள், கண்ணால் காண்பதைத் தவிர வேறு அளவை இல்லை என்னும் பூதவாதியிடம் மட்டும் ஒரு வினாவை எழுப்புகிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? வசை ஏதுமின்றி அவன் ஏற்றுக்கொண்ட விதியையே அவன்மீது பொருத்திப் பார்க்கும் கேள்வி அது. நல்ல மறுப்பின் இலக்கணம் இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

வாதத்துக்கு வெளியே இன்னும் இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒன்று, நம்பிக்கையை நகையாடுதல். மற்றொன்று, நம்புகிற மக்கள்மீது வெறுப்பை மூட்டுதல். "இந்தக் கொள்கை தவறு" என்பதும் "இந்தக் கொள்கை உடையவர்கள் நம்மிடையே வாழத் தகாதவர்கள்" என்பதும் ஒரே பாதையில் முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு படிகள் அல்ல. அவை வேறு வேறு பாதைகள். கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை, மனிதருக்கு உண்டு என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஆனால் அந்தச் சுருக்கத்தோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. பிறந்தது முதல் ஒரு சமயத்தின் பெயரையும் உடையையும் தாங்கி வாழ்பவருக்குத் தம் நம்பிக்கை எங்கே முடிகிறது, தாம் எங்கே தொடங்குகிறோம் என்று கோடு கிழிப்பது எளிதல்ல. அவர் எண்ணிக்கையில் சிறிய, ஏற்கெனவே சந்தேகத்துடன் பார்க்கப்படும் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால், "நான் கொள்கையைத்தான் விமர்சிக்கிறேன்" என்ற வாசகத்தை அவர் பலமுறை கேட்டிருப்பார். அதைத் தொடர்ந்து வந்தது பெரும்பாலும் கொள்கை விமர்சனமாக இருந்திருக்காது. கருத்தும் மனிதரும் வேறு என்ற பாகுபாடு சரியானதுதான். அதைச் சொல்வதோடு நில்லாமல் நடத்தையில் காட்ட வேண்டிய பொறுப்பு பேசுபவருடையது.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆவது உறுப்பு சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை அறிவிக்கிறது. சமயத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் இதில் அடங்கும் என்று அவ்வுறுப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. இதிலிருந்து ஒரு முடிவு தானாகவே பிறக்கிறது. மாறுவதற்கு உரிமை உண்டென்றால், மாறுவதற்கான காரணங்களைக் கேட்கவும் உரிமை இருந்தாக வேண்டும். கேட்க உரிமை உண்டென்றால், சொல்லவும் ஒருவருக்கு உரிமை இருந்தாக வேண்டும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1993இல் கொக்கினாக்கிஸ் வழக்கில் ஏறக்குறைய இதையே சொன்னது. கிரேக்க நாட்டில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த ஒருவர், மரபுத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குச் சென்று சமயம் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். அயலாரை இணங்கவைக்க முயலும் உரிமை இல்லையென்றால் சமயத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் ஏட்டளவில் நின்றுவிடும் என்று கூறிய நீதிமன்றம், அவருடைய சுதந்திரம் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. அதே வேளையில், பொருளாசை காட்டுவதும், துன்பத்தில் இருப்பவர்மீது தகாத அழுத்தம் செலுத்துவதும் முறையற்றவை என்று அது பிரித்துக் காட்டியது. மதம் பரப்புகிறவருக்குக் கிடைத்த இந்த உரிமைதான் மதத்தை மறுப்பவருக்கும் உரியது. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவருக்கு மறுக்க இதில் இடமில்லை.

எல்லை எங்கே என்பதற்கு 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 20ஆவது உறுப்பு விடை தருகிறது: பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுதலாக அமையும் சமய வெறுப்புப் பரப்புரை சட்டத்தால் தடுக்கப்பட வேண்டும். இந்த உடன்படிக்கை எப்படிப் பின்பற்றப்படுகிறது என்று கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு, அத்தகைய தூண்டுதல் இல்லாத இடத்தில், ஒரு சமயத்துக்கு மரியாதைக் குறைவு காட்டுவதை மட்டுமே காரணமாகக் கொண்டு தடை விதிக்கும் மத நிந்தனைச் சட்டங்கள் உடன்படிக்கைக்கு ஒவ்வாதவை என்று 2011இல் வெளியிட்ட விளக்கவுரையில் தெளிவுபடுத்தியது.

நாடுகளின் நடைமுறை இவ்வளவு சீராக இல்லை.

1. இங்கிலாந்தும் வேல்ஸும் மத நிந்தனைக் குற்றத்தை 2008இல் நீக்கின. அயர்லாந்து மக்கள் 2018இல் வாக்கெடுப்பின் வழியே அரசியலமைப்பிலிருந்து அதை அகற்றினார்கள்.
2. டென்மார்க் 2017இல் மத நிந்தனைச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2023இல் சமய நூல்களைப் பொதுவெளியில் இழிவாகக் கையாள்வதைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது.
3. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927 முதல் இருந்துவந்த 295ஏ பிரிவு, இப்போது அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவாகத் தொடர்கிறது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு ஒரு பிரிவினரின் சமய உணர்வைப் புண்படுத்தும் இழிவுபடுத்தலையே இது குற்றமாக்குகிறது. இழிவுபடுத்தும் எல்லாப் பேச்சும் இதில் அடங்காது என்பதை உச்ச நீதிமன்றம் 1957இலேயே விளக்கிவிட்டது. நடைமுறையில் புகார் பதிவாகும்போது இந்த வேறுபாட்டை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதே வேதனை.
4. வேறு சில நாடுகளில் மத நிந்தனைக்கு மரண தண்டனை இன்றும் சட்டத்தில் இருக்கிறது.

ஒரே நீதிமன்றத்துக்குள்ளும் இழுபறி உண்டு. அரசையோ மக்களில் ஒரு பகுதியினரையோ புண்படுத்தும், அதிரவைக்கும், கலங்கவைக்கும் கருத்துகளுக்கும் பேச்சுரிமை பொருந்தும் என்று 1976இல் கூறிய அதே ஐரோப்பிய நீதிமன்றம், 2018இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், நபிகள் நாயகத்தைப் பற்றி இழிவாகப் பேசியவருக்கு விதிக்கப்பட்ட 480 யூரோ அபராதம் பேச்சுரிமையை மீறவில்லை என்றது. பொதுநலன் சார்ந்த புறநிலை விவாதம் என்னும் எல்லையை அப்பேச்சு கடந்துவிட்டது என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் முடிவு. ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்றது. அறத்தைச் சட்டத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதுவே போதும்.

மறுத்துப் பேசக் கூடாது என்பதற்கான காரணங்கள்

மனம் புண்படும் என்பது முதல் காரணம். புண்படுவது உண்மை, அதை நடிப்பு என்று தள்ளுவது கொடுமை. ஆனால் அதையே அளவுகோலாக்கினால் இரண்டு விளைவுகள் வரும். முதலாவதாக, உரத்துக் கூச்சலிடக் கூடியவருக்கே அதிகப் பாதுகாப்பு கிடைக்கும். அமைதியாக வருந்துகிறவருக்கு எதுவும் கிடைக்காது. இரண்டாவதாக, சமயங்களே பேச முடியாமல் போகும். ஒரே இறைவன்தான் உண்டு என்ற அறிவிப்பு பல தெய்வங்களை வணங்குகிறவரை மறுக்கிறது. நிலையான ஆன்மா இல்லை என்ற போதனை ஆன்மாவை நம்புகிறவரை மறுக்கிறது. பிறர் நம்பிக்கையை மறுக்காமல் உருவான பெரிய சமயம் ஒன்றைக் காட்டுவது கடினம். வேள்வியைக் கேள்வி கேட்காத புத்தர் புத்தராகியிருக்க மாட்டார்.

எல்லாரும் எதையோ நம்பித்தான் வாழ்கிறார்கள், எவரும் நடுநிலையில் நின்று பேசுவதில்லை என்பது இரண்டாவது காரணம். இது உண்மைதான். ஆனால் இதிலிருந்து பெறப்படுவது யாரும் யாரையும் மறுக்கக் கூடாது என்பதல்ல. மறுப்பவர் தம்மையும் மறுப்புக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பதே. தம் நிலைப்பாட்டை வெளியே வைக்காமல் அடுத்தவருடையதை மட்டும் பிய்த்துப் போடுவது, முன்பு கண்ட விதண்டையேதான்.

மூன்றாவது காரணம் ஆறுதல். மூன்றிலும் வலுவானது இதுதான். தீராத நோயில் இருக்கும் ஒருவர், தம் வேதனைக்கு ஒரு பொருள் இருப்பதாக நம்பி அந்த நாளைக் கடக்கிறார் என்றால், அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டு அதற்கு ஈடாகத் தர என்னிடம் என்ன இருக்கிறது என்று மறுக்க நினைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்மை என்பது போதுமான விடையாகாது. உண்மை அந்த மனிதரின் படுக்கையருகே இரவு முழுதும் விழித்திருக்கப் போவதில்லை.

இந்த மூன்றுக்கும் எதிரே ஒரு கருத்தை வைக்க வேண்டியிருக்கிறது. மறுக்காமல் விடுவது எப்போதும் மரியாதை ஆகாது. அரசியலிலும் மருத்துவத்திலும் பொருளியலிலும் ஒருவரோடு வாதிடும் நாம், சமயம் என்று வந்ததும் புன்னகைத்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்தால், அவரைக் காரணம் கேட்டு முடிவெடுக்கும் வளர்ந்த மனிதராக நாம் மதிக்கவில்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். சில மௌனங்கள் பணிவிலிருந்து வருகின்றன. வேறு சில, இவருக்குச் சொன்னால் புரியாது என்ற இளக்காரத்திலிருந்து வருகின்றன. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

விலையை யார் கொடுக்கிறார்கள்

நம்பிக்கையின் விலையை நம்புகிறவரே கொடுக்கிறாரா, வேறொருவர் கொடுக்கிறாரா என்பதே இந்த ஆய்வில் தீர்மானமான கேள்வி. வளர்ந்த ஒருவர் தம் நம்பிக்கைக்காக நோன்பிருக்கலாம், செல்வத்தைத் துறக்கலாம், தமக்கு வேண்டிய சிகிச்சையையே மறுக்கலாம். அவரிடம் எதிர்வாதம் சொல்ல நமக்கு உரிமை உண்டு, வற்புறுத்த உரிமை இல்லை. அதே நம்பிக்கையால் ஒரு குழந்தையின் சிகிச்சை தடைப்படும்போதும், ஒரு பெண்ணின் கல்வி நிறுத்தப்படும்போதும், ஒரு பிறப்பினர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படும்போதும் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. பெற்றோர் தாம் தியாகிகளாகலாம், தம் பிள்ளைகளைத் தியாகிகளாக்க அவர்களுக்கு உரிமையில்லை என்ற கருத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944இல் ஒரு தீர்ப்பில் பதிவுசெய்தது. இத்தகைய இடங்களில் மறுத்துப் பேசுவது அனுமதிக்கப்பட்ட செயல் மட்டுமல்ல, கடமை. இங்கே மௌனம் நடுநிலை ஆகாது. அது வலியவர் பக்கம் நிற்பதாகும்.

பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள வலிமை வேறுபாடும் இதே கணக்கில் சேர வேண்டும். 1263இல் பார்சலோனாவில், அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில், யூத அறிஞர் நாமனிடிஸ் கிறிஸ்தவத் தரப்போடு வாதிட அழைக்கப்பட்டார். பேச்சுரிமை கேட்டுப் பெற்றுக்கொண்டு திறமையாகவே வாதிட்டார். ஆனால் அவ்வாதத்தின் விவரத்தைத் தாம் எழுதியதற்காக மத நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு, இறுதியில் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. வாதத்தில் தோற்றால் ஒரு தரப்புக்கு ஒன்றும் ஆகாது, மறுதரப்புக்கோ வென்றாலும் ஆபத்து என்ற நிலையில் நடப்பதை வாதம் என்று அழைக்க முடியாது. ஆசிரியர் மாணவரிடமும், முதலாளி தொழிலாளியிடமும், பெரும்பான்மை சிறுபான்மையிடமும் சமய விவாதம் தொடங்கும்போது இந்தப் பார்சலோனா நிழல் விழுந்துகொண்டே இருக்கிறது. அதே காரணத்தால், ஒரு சமயத்துக்குள்ளிருந்தே அதன் அதிகாரத்தைக் கேள்வி கேட்பவரின் குரலுக்குத் தனி எடை உண்டு. அவர் இழப்பதற்கு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பேசுகிறார்.

அசோகரின் பன்னிரண்டாம் பாறைச் சாசனம் இந்தப் பொருளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பிற சமயங்களை விமர்சிக்கவே வேண்டாம் என்று அது சொல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது வலியுறுத்துவது நாவடக்கத்தை. தகுந்த தருணமின்றித் தன் சமயத்தைப் புகழ்வதும் பிறர் சமயத்தைப் பழிப்பதும் கூடாது, தருணம் வந்தாலும் அளவோடு செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். ஆக, தருணம் என்று ஒன்று உண்டு என்பதை அச்சாசனமே ஏற்கிறது. தன் சமயத்தைப் புகழ்வதற்கும் அது அதே கட்டுப்பாட்டை விதிப்பதை மேற்கோள் காட்டுவோர் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மறுப்பினால் மனம் மாறுமா?

தவறான நம்பிக்கையைத் திருத்த முயன்றால் அது மேலும் இறுகிவிடும் என்று ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. நைஹான், ரைஃப்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியக் காரணம். ஆனால் வுட், போர்ட்டர் என்ற இருவர் 2019இல் வெளியிட்ட, பல தலைப்புகளைச் சோதித்த விரிவான ஆய்வில் அந்த எதிர்விளைவு தென்படவில்லை. மக்கள் பொதுவாகத் திருத்தத்தை ஏற்கும் திசையிலேயே நகர்ந்தார்கள். இரண்டு ஆய்வுகளும் அரசியல் செய்திகளைப் பற்றியவை. நம்பிக்கையின் முதல் வகைக்கு, அதாவது உலக நடப்பைப் பற்றிய கூற்றுகளுக்கு, இவற்றிலிருந்து ஓரளவு பாடம் பெறலாம். வாழ்நாள் முழுதும் குடும்பத்தோடும் நினைவுகளோடும் பின்னிய நம்பிக்கைக்கு இவற்றை அப்படியே பொருத்துவது அவசரமாகும்.

மாற்றம் நடந்தாலும் அதற்குப் பின்விளைவு உண்டு. நம்பிக்கையை விட்டு வெளியே வருபவர் ஒரு கருத்தை மட்டும் இழப்பதில்லை. திருமணங்களுக்கு அழைப்பவர்கள், நோயில் உதவிக்கு வருபவர்கள், இறப்பில் தோள் கொடுப்பவர்கள் என்று ஒரு முழு உறவு வட்டமே அந்த நம்பிக்கையைச் சுற்றி அமைந்திருக்கக்கூடும். விவாதத்தில் வென்றவர் மறுநாள் வேறொரு விவாதத்துக்குப் போய்விடுவார்; மனம் மாறியவர் அதே வீட்டில், அதே மனிதர்களோடு, மாறிய மனத்துடன் வாழ வேண்டும். அவர் தொலைபேசியில் அழைக்கும்போது எடுத்துப் பேசும் எண்ணம் இல்லாதவர் அந்த விவாதத்தைத் தொடங்கும் முன் ஒருமுறை நின்று யோசிக்கலாம்.

நம்புகிறவர் பக்கம் இருக்கும் ஓர் உரிமையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருப்பதனால் மற்றவருக்கு விடை சொல்லும் கடமை வந்துவிடாது. "இதைப் பற்றி இப்போது உங்களோடு பேச விரும்பவில்லை" என்று அவர் சொன்னால், அது தோல்வியை ஒப்புக்கொள்வதும் அல்ல, அறியாமைக்கு அடையாளமும் அல்ல. அவருடைய நம்பிக்கை வேறெவரையும் கட்டுப்படுத்தாத வரையில், அந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வதே முறை.